ஈஎஸ்ஆர், சிஆர்பி கூடியிருந்தால் எலும்பு கரைகிறது என்று அர்த்தமா? மாதவிடாய் நின்ற பெண்கள் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: வளவு_செவிலி

வணக்கம். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் உள்ள ஊர்களில் 45 முதல் 60 வயதுப் பெண்களைப் பார்க்கும் செவிலியர்களுக்காக இதைக் கேட்கிறேன். மாதவிடாய் நின்று இரண்டு மூன்று வருஷம் ஆனவர்கள் கையில் ஒரு கத்தை ரிப்போர்ட்டோடு வருகிறார்கள். "உடம்புல உள்வீக்கம் இருக்காம், அதான் எலும்பு தேயுதாம்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பார்த்தால் உடம்பில் அழற்சி (உள்வீக்கம்) இருப்பதைக் காட்டும் ரத்தச் சோதனைகளான ஈஎஸ்ஆர் கூடுதல், சிஆர்பி கூடுதல், இலவச முகாமில் குதிகாலை வைத்து எடுத்த எலும்பு அடர்த்திச் சீட்டு. எதை நம்புவது, எதை விடுவது என்று தெளிவாகச் சொல்ல ஒரு வழிகாட்டல் வேண்டும்.

மாதிரிக்கு ஒருவருடைய கணக்கு: வயது 52, எடை 62 கிலோ, மாதவிடாய் நின்றது 49இல். ஹீமோகுளோபின் 9.6. ஈஎஸ்ஆர் 38. ஹெச்எஸ்-சிஆர்பி (சிஆர்பியை நுணுக்கமாக அளப்பது) 4.8. வைட்டமின் டி 13. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் 0.08 (தைராய்டு மாத்திரை தைராக்ஸின் 100 மைக்ரோகிராம் பல வருஷமாக ஓடுகிறது). குதிகால் மெஷினில் டி-ஸ்கோர் (இளவயதினரின் எலும்போடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.1. இரண்டு முழங்காலிலும் வலி, காலையில் கால்மணி நேரம் விறைப்பு. அசெக்ளோஃபினாக் வலி மாத்திரை கிட்டத்தட்ட தினமும். அதற்குத் துணையாக வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல். புதிதாகக் கால்சியம் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. வாரம் ஒரு வைட்டமின் டி சாஷே (பொடிப் பாக்கெட்).

என் கேள்விகள்: அழற்சிக்கும் எலும்புக்கும் உண்மையில் என்ன தொடர்பு? இந்த ரிப்போர்ட்டில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? பிரண்டை, எள்ளு, கும்மாயம் போதும், மாத்திரை வேண்டாம் என்பவர்களிடம் என்ன சொல்வது?

---

பதில்: எலும்பு_டாக்டர்

சிஸ்டர், முதலில் அந்தத் "தேய்மானம்" என்ற சொல்லைப் பிரித்துவிடுவோம். நம் பக்கம் மூன்று நோய்க்கு இந்த ஒரே சொல்தான். முழங்காலில் குருத்தெலும்பு தேய்வது ஒன்று. முதுகெலும்புக்கு இடையில் உள்ள ஜவ்வு நைந்துபோவது ஒன்று. எலும்பே உள்ளுக்குள் சல்லடையாவது இன்னொன்று. இந்தக் கடைசிதான் எலும்புப்புரை, ஆஸ்டியோபோரோசிஸ். ஒடிகிறவரை அதில் வலியே கிடையாது. முழங்கால் வலியோடு வருகிறவருக்கு எலும்புப்புரை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வலி குறைந்தால் எலும்பு தேறிவிட்டது என்று நினைத்து மருந்தை நிறுத்துகிற தப்பு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அழற்சிக்கும் எலும்புக்கும் தொடர்பு நிஜம். ஆனால் அது சிஆர்பி சீட்டில் தெரிகிற தொடர்பு அல்ல. எலும்பில் பழையதைக் கரைக்கும் செல், புதியதைக் கட்டும் செல் என்று இரண்டு கூட்டம் வேலை செய்கின்றன. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை கரைக்கும் கூட்டத்துக்குக் கடிவாளம் இருக்கும். அது விழுந்ததும் மஜ்ஜையில் உள்ள நோய் எதிர்ப்புச் செல்கள் டிஎன்எஃப், ஐஎல்-1, ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருட்களைக் கூடுதலாகச் சுரக்கின்றன. ரேங்க்-எல் என்ற தூண்டுபொருள் கூடுகிறது. அதை மடக்கிப் பிடிக்கிற ஆஸ்டியோபுரோட்டிஜெரின் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. கரைக்கும் செல் எண்ணிக்கையிலும் ஆயுளிலும் பெருகுகிறது. ஓரிடத்தைக் கரைக்க இரண்டு மூன்று வாரம் போதும், அதே இடத்தைக் கட்டி முடிக்க மூன்று நான்கு மாதம் வேண்டும். பழைய வீட்டில் சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டுகிறவர் வேகம் வேறு, பூசித் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர் வேகம் வேறு, அந்த மாதிரிதான். ஒரே சமயத்தில் நூறு இடத்தில் சுரண்ட ஆரம்பித்தால் பூசுகிறவர் எந்தக் காலத்திலும் எட்டிப்பிடிக்க மாட்டார்.

கடைசி மாதவிடாய்க்கு ஒரு வருஷம் முன்பே இந்த வேகம் தொடங்கிவிடும். அடுத்த ஐந்து முதல் ஏழு வருஷத்தில் சிலருக்கு எலும்பில் ஐந்தில் ஒரு பங்குவரை போய்விடும். முதுகெலும்பின் பஞ்சுபோன்ற உள்பகுதிதான் முதலில் போகும். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதே சராசரியாக 46, 47 வயதில் என்பதால் நாம் 60 வயதுக்குக் காத்திருப்பது அர்த்தமில்லாதது.

இந்த அழற்சி மஜ்ஜைக்குள் நடக்கிற உள்ளூர்ச் சண்டை. சிஆர்பி என்பது கல்லீரல் தயாரிப்பது. வயிற்றுக் கொழுப்பு, ஈறு வீக்கம், சிறுநீர்த் தொற்று, போன வாரத்துச் சளிக்காய்ச்சல், எது இருந்தாலும் அது ஏறும். ஹெச்எஸ்-சிஆர்பி 1க்குக் கீழ், 1 முதல் 3, 3க்கு மேல் என்ற வகைப்பாடு இதயநோய் அபாயத்துக்காக வந்தது, எலும்புக்காக அல்ல. சிஆர்பி சுத்தமாக இருந்தும் எலும்பு வேகமாகக் கரையும். 4.8 இருப்பவருக்கு இடுப்புச் சுற்றளவை அளந்து, பல் ஈறைப் பார்த்து, காய்ச்சல் எதுவும் இல்லாத நாளில் இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்ப எடுங்கள். 10க்கு மேல் நின்றால்தான் துருவிப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் மாதிரி ரிப்போர்ட். இதில் என் கண் முதலில் போவது சிஆர்பிக்கும் இல்லை, குதிகால் சீட்டுக்கும் இல்லை. டிஎஸ்ஹெச் 0.08. இது இவ்வளவு கீழே இருந்தால் தைராக்ஸின் அளவு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு தைராக்ஸின் கூடினால் எலும்பு கரைவது இன்னும் வேகமாக ஓடும், போதாததற்கு இதயத் துடிப்பும் தடம்மாறலாம். கால்சியத்தைக் கொட்டுவதற்கு முன் அந்த மாத்திரையின் அளவை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது ஹீமோகுளோபின் 9.6. மாதவிடாய் நின்று மூன்று வருஷம் ஆன பிறகு ரத்தம் எங்கே போகிறது? தினமும் வலி மாத்திரை என்றால் வயிற்றில் புண்ணாகிக் கசியலாம். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேளுங்கள், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள், தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி. "பொம்பளைகளுக்கு ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாத இடம் இது.

ஈஎஸ்ஆர் 38க்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வயதோடு 10 கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது மேல்வரம்பு. 52க்கு 31. ரத்தசோகையே ஈஎஸ்ஆரைக் கொஞ்சம் ஏற்றும். ஆனால் ரத்தசோகை, விடாத முதுகுவலி, ஈஎஸ்ஆர் 100ஐத் தொடுவது, சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் அல்லது ரத்தக் கால்சியம் கூடுவது, இவை சேர்ந்து வந்தால் அது மைலோமா என்ற ரத்தப் புற்றாக இருக்கலாம். சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரசிஸ் (ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனை) எடுக்காமல் எலும்புப்புரை என்று முத்திரை குத்தாதீர்கள்.

கால்மணி நேர விறைப்பு முழங்கால் தேய்மானத்தில் வருவதுதான். கை விரல் கணுக்கள், மணிக்கட்டு இரண்டு பக்கமும் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரம் தாண்டினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். ஆன்டி-சிசிபி, ஆர்ஏ ஃபேக்டர் என்ற ரத்தச் சோதனைகளைப் பாருங்கள். அங்கேதான் அழற்சி நேரடியாகவே எலும்பை அரிக்கும், அதற்குத் தருகிற ஸ்டீராய்டு அதற்கு மேல் அரிக்கும். பிரெட்னிசோலோன் தினம் 5 மில்லிகிராம் மூன்று மாதம் ஓடினாலே எலும்பைப் பார்த்தாக வேண்டும்.

குதிகால் மெஷின் அல்ட்ராசவுண்ட். மைனஸ் 2.5 என்ற கோட்டை 1994இல் உலக சுகாதார நிறுவனம் போட்டது டெக்ஸா ஸ்கேனுக்கு, அதாவது எக்ஸ்ரேயால் எலும்பு அடர்த்தியை அளப்பதற்கு. குதிகால் எண்ணை அந்தக் கோட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. சந்தேகம் வந்தால் மதுரையிலோ திருச்சியிலோ இடுப்பும் முதுகும் சேர்த்து டெக்ஸா எடுக்கட்டும். ஸ்கேனுக்கு முந்தின நாளும் அன்றும் கால்சியம் மாத்திரை வேண்டாம், வயிற்றில் கிடக்கும் மாத்திரை முதுகெலும்பு மேல் விழுந்து எண்ணைக் கூட்டிக் காட்டும். அடுத்த ஸ்கேனையும் அதே மெஷினில் எடுக்க வேண்டும். வேறு மெஷின் என்றால் ஒப்பிடவே முடியாது. முதுகில் எலும்பு முனை வளர்ந்தவர்களுக்கு முதுகு எண் பொய்யாக நன்றாக இருக்கும், இடுப்பு எண்ணையே நம்புங்கள். கூடவே அளவுகோலால் உயரத்தை அளங்கள், அதற்குப் பைசா செலவில்லை. இளவயது உயரத்தில் 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பு சத்தமில்லாமல் நொறுங்கியிருக்கலாம், எக்ஸ்ரே எடுங்கள்.

இன்னொன்று. கர்ப்பப்பையோடு சினைப்பையையும் 40 வயதிலேயே எடுத்தவர்களைத் தனியே பட்டியல் போடுங்கள். அவர்கள் எலும்பு மற்றவர்களைவிட ஆறேழு வருஷம் முன்னாலேயே கரையத் தொடங்கிவிட்டது. மார்பகப் புற்று, ரத்த உறைவு, காரணம் தெரியாத உதிரப்போக்கு இல்லாதவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை பற்றி மகப்பேறு மருத்துவரிடம் பேச வேண்டிய கூட்டம் அது.

---

பதில்: சத்து_கணக்கு

டாக்டர் சொன்னதில் சாப்பாட்டுப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்குத் தினம் 1200 மில்லிகிராம் கால்சியம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2020இல் சொன்னது. இதைச் சமையலறைக் கணக்கில் போடுவோம். பால் 200 மில்லி இரண்டு தடவை: 480. தயிர் ஒரு கிண்ணம், 150 கிராம்: சுமார் 180. கேழ்வரகு மாவு 50 கிராம்: சுமார் 180. வறுத்துப் பொடித்த கறுப்பு எள் 15 கிராம், அதாவது குவியலாக ஒன்றரை டேபிள்ஸ்பூன்: 150க்குக் குறையாது. முருங்கைக்கீரை 50 கிராம் ஆய்ந்தது: 150க்கு மேல். 1140 வந்துவிட்டது. இப்படிச் சாப்பிடுகிறவருக்கு ஒரு மாத்திரைகூடத் தேவைப்படாது. பால் குடிக்காதவர், காபியோடு முடித்துக்கொள்கிறவர், அவருக்குத்தான் மாத்திரை. ஆளைக் கேட்காமல் எல்லோருக்கும் இரண்டு என்று கொடுப்பது சரியில்லை.

எள்ளில் ஒரு நுணுக்கம். தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் கால்சியம் பெரும்பகுதி போய்விடும், அது தோலில்தான் இருக்கிறது. முழு எள்ளை அப்படியே மென்று விழுங்கினால் நிறைய அப்படியே வெளியே வரும். ஆகவே கறுப்பு எள், வறுத்து, பொடித்து. கேழ்வரகைப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, துணியில் கட்டி ஒரு நாள் முளைகட்டி, நிழலில் காயவைத்து, லேசாக வறுத்து அரைத்தால் கால்சியத்தைப் பிடித்துவைக்கிற ஃபைட்டேட் குறையும். ராத்திரி கரைத்துப் புளிக்கவைத்த கூழுக்கும் அதே பலன் உண்டு. உடனடியாகக் கிண்டிய களியைவிடக் கூழ் ஒரு படி மேல்.

கீரையில் ஏமாறாதீர்கள். பாலக்கில் கால்சியத்தை ஆக்சலேட் என்ற பொருள் கட்டிப்போட்டிருக்கும், உடம்பு எடுப்பது நூற்றில் ஐந்து பங்குபோல. பாலில் முப்பது பங்கு.

பிரண்டைக்கு வருவோம். வச்சிரவல்லி என்ற அதன் இன்னொரு பெயரைப் பார்த்தே நம்பிக்கை வருகிறது, சரி. பிரண்டையில் கால்சியம் நிறைய உண்டு, அதில் ஒரு பகுதி ஆக்சலேட் ஊசிகளாகவே இருக்கிறது. கை அரிப்பதும் தொண்டை அரிப்பதும் அந்த ஊசிகளால்தான். துவையல் செய்யும்போது இளந்தண்டாகப் பார்த்து, கணுவை ஒதுக்கி, ஓரத்து நாரை உரித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்க வேண்டும். இரண்டு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில் சிறு தீயில் எட்டு பத்து நிமிஷம், பச்சை நிறம் போய்ச் சுருண்டு வரும்வரை வதக்க வேண்டும். நெல்லிக்காய் அளவு புளி கட்டாயம். அவசரமாக வதக்கி இறக்கினால் அன்றைக்குச் சாப்பிட்டவர் எல்லோரும் தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார்கள். வாரம் இரண்டு நாள் துவையலாக நன்றாக இருக்கும். எலும்பு ஒடிவதைத் தடுக்கிற மருந்துக்கு மாற்று என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. காப்ஸ்யூலாக விழுங்குவது வேறு விஷயம், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

கும்மாயம் பற்றி. உளுந்து, பாசிப்பருப்பு, கொஞ்சம் பச்சரிசி வறுத்து அரைத்த மாவு, கருப்பட்டி, நெய். வயசுக்கு வந்த பிள்ளைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இடுப்புக்குப் பலம் என்று கொடுப்பது சும்மா இல்லை, புரதம் இருக்கிறது. ஆனால் அது கால்சிய உணவு அல்ல. ஐம்பது வயதில் வயிறு பெருத்து, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கும் ஆச்சிக்கு ஒரு கிண்ணம் கும்மாயம் என்பது நெய்யும் கருப்பட்டியும்தான். அந்த மாவையே கருப்பட்டி கால்பங்காக்கிக் கஞ்சியாகக் காய்ச்சலாம்.

புரதம் கிலோவுக்கு ஒரு கிராம் வேண்டும். 62 கிலோ என்றால் 62 கிராம். முட்டை ஒன்றில் 6, பால் 200 மில்லியில் 6 முதல் 7, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 8, அவ்வளவுதான். மூன்று வேளையும் சோறும் மண்டியும் (அரிசி கழுவிய நீரில் செய்யும் குழம்பு) அப்பளமும் என்றால் 40ஐத் தாண்டாது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தி மீனும் முள்ளோடு மெல்லுகிற நெத்திலியும் நல்லது. மத்தியின் எண்ணெய்க்கு அழற்சியைக் கொஞ்சம் தணிக்கிற குணம் உண்டு. ஆனால் நெத்திலிக் கருவாடாக எடுத்தால் உப்பு. ஆறு கிராம் உப்புக்குத் தோராயமாக 40 மில்லிகிராம் கால்சியம் சிறுநீரில் போகும். வத்தல், மோர்மிளகாய், ஊறுகாய், அப்பளம் நான்கும் ஒரே இலையில் இருக்கும் வீடுகளில் இது சின்னக் கணக்கு இல்லை.

மஞ்சள் பற்றிக் கேட்பார்கள். குழம்பில் போடுகிற மஞ்சள் குழம்புக்கு நல்லது. அதில் உள்ள குர்க்குமின் ரத்தத்தில் ஏறுவது மிகக் குறைவு. அதற்காகக் காலையில் ஒரு ஸ்பூன் மஞ்சளை வெந்நீரில் குடித்து வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

வெயில்: காலை ஏழு மணி இளவெயிலில் வைட்டமின் டி கிடைக்காது. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரம், பதினொன்றிலிருந்து இரண்டு. வளவு முற்றத்தில் கை, முழங்கால் கீழ் படும்படி இருபது முப்பது நிமிஷம், வாரம் நான்கு நாள். கண்ணாடி ஜன்னல் வழியாக வருகிற வெயிலால் பயனில்லை. 13 இருப்பவருக்கு வெயில் மட்டும் போதாது, சாஷே வேண்டும். அதோடு பால் குடித்தே கால்சியத்தையும் விழுங்கிக்கொள்ளலாம்.

---

பதில்: மருந்துப்பெட்டி

மேலே உள்ளவர் கடைசி வரியில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். டி சாஷேயைக் கொழுப்புள்ள பாலோடு எடுப்பது சரி. கால்சிய மாத்திரையையும் அதே பாலோடு எடுத்தால் ஒரே நேரத்தில் 700 மில்லிகிராம் போகிறது. ஒரு தடவைக்கு 500க்கு மேல் உடம்பு சரியாக எடுக்காது. பால் ஒரு வேளை, மாத்திரை வேறு வேளை.

அட்டையில் "கால்சியம் கார்பனேட் 1250" என்று இருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500தான். கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், ஆகவே சாப்பாட்டுக்கு நடுவில் அல்லது சாப்பிட்ட உடனே. மாதிரிப் பெண்மணி பான்டோபிரசோலும் எடுக்கிறார், அமிலமே அணைந்து கிடக்கிறது. அவருக்கு கால்சியம் சிட்ரேட் பொருத்தம், சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைவிட, வலி மாத்திரை நின்றால் பான்டோபிரசோலே தேவைப்படாமல் போகலாம். வருஷக்கணக்கில் அதையும் விழுங்குவது எலும்புக்கு நல்லதில்லை.

தைராக்ஸின் வெறும் வயிற்றில், கால்சியமும் இரும்பும் அதற்கு நான்கு மணி நேரம் தள்ளி. இவர் காலைக் கால்சியத்தை தைராக்ஸினோடு சேர்த்துத்தான் விழுங்கியிருப்பார். இனி பிரித்து எடுத்தால் தைராக்ஸின் இன்னும் கூடுதலாக உடம்பில் ஏறும், டிஎஸ்ஹெச் இன்னும் கீழே போகும். பிரித்த பிறகு ஆறு முதல் எட்டு வாரத்தில் திரும்ப எடுத்துப் பார்க்கும்படி சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

60,000 யூனிட் சாஷே வாரம் ஒன்று, எட்டு வாரம், பிறகு மாதம் ஒன்று. இதுதான் வழக்கம். "வாரம்" என்ற சொல் காதில் விழாமல் தினம் ஒன்று குடித்தவர்கள் உண்டு. வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், குழப்பம் வந்தால் ரத்தக் கால்சியம் பாருங்கள். கவரின் மேல் பேனாவால் கிழமை எழுதிக் கொடுப்பதுதான் ஆகச் சிறந்த தடுப்பு. படிக்கத் தெரியாதவர்களுக்கு நான்கு கவரை நான்கு வெள்ளிக்கிழமைக்கு என்று காலண்டர் தாளிலேயே ஊசியால் குத்திக் கொடுக்கலாம்.

டெக்ஸாவில் மைனஸ் 2.5க்குக் கீழ் வந்து எலும்பு கரைவதைத் தடுக்கும் அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் எழுதினால் அது வாரம் ஒரு முறை மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத்தண்ணீரோடு. காபியோ டீயோ பாலோ கூடாது. அரைமணி நேரம் உட்கார்ந்தோ நடந்துகொண்டோ இருக்க வேண்டும். விழுங்கிவிட்டுப் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், காபியோடு எடுத்தால் பாதிக்கு மேல் ரத்தத்தில் ஏறாது. நெஞ்செரிச்சல் என்று நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைச் செய்தவர்கள்.

சீட்டில்லாமல் "வாதப்பொடி" என்று பாக்கெட்டில் வாங்கி மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்பவர்களைக் கவனியுங்கள். முகம் உப்பி, சர்க்கரை ஏறி, தோலில் சட்டென்று கன்றிப்போனால் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. திடீரென்று நிறுத்தச் சொல்லாமல் பாக்கெட்டோடு மருத்துவரிடம் அனுப்புங்கள். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும்.

---

வளவு_செவிலி

மூவருக்கும் நன்றி. டிஎஸ்ஹெச்சை நான் தாண்டிப் போயிருந்தேன். இரண்டு சந்தேகம். ஒன்று, நடந்தால் போதுமா? காலையில் வீதியைச் சுற்றி அரைமணி நேரம் நடக்கிறவர்கள் அதிகம். இரண்டு, 66 வயது ஆச்சி ஒருவருக்கு டெக்ஸா மைனஸ் 2.9. வருஷத்துக்கு ஒரு ஊசி என்று போட்டார்களாம், இரண்டு நாள் காய்ச்சலும் உடம்புவலியும். "அந்த ஊசி எனக்கு ஆகாது, இனிமே வேண்டாம்" என்கிறார்.

---

பதில்: இயன்முறை_தேவகோட்டை

நடை இதயத்துக்கு, சர்க்கரைக்கு. முதுகெலும்புக்கு அது போதாது. எலும்புக்கு வேண்டியது வழக்கத்துக்கு மீறிய சுமை, கொஞ்சம் அதிர்ச்சி. ஆஸ்திரேலியாவில் 2018இல் வெளியான லிஃப்ட்மோர் ஆய்வில் எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களையே கண்காணிப்போடு கனமான எடை தூக்கவைத்தார்கள், வாரம் இரண்டு நாள், அரைமணி நேரம். எட்டு மாதத்தில் முதுகு அடர்த்தி மூன்று சதவீதத்துக்கு அருகில் கூடியது. நம் வீட்டில் பார்பெல் இல்லை, அதனால் படிப்படியாகப் போகலாம்.

முதலில் சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலியில், கையை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லிக் கடிகாரம் பாருங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் தொடை வலு குறைவு, விழ வாய்ப்பு அதிகம். அவருக்கு எழுந்து உட்காருவதே உடற்பயிற்சி: பத்து பத்தாக மூன்று தடவை, ஒன்றுவிட்டு ஒரு நாள். இரண்டு வாரத்தில் சுலபமானதும் இரண்டு கையிலும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். அப்புறம் ஐந்து லிட்டர் கேன். ஒரு லிட்டர் ஒரு கிலோ, தராசே வேண்டாம். கடைசி இரண்டு தடவை சிரமப்பட்டு எழுந்திருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் எலும்புக்கு அது சுமையாகவே படவில்லை. கூடவே தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி, தொம்மென்று கீழே விடுவது, பத்து பத்தாக மூன்று. தும்மினால் சிறுநீர் கசிகிறவர்கள் முதலில் இடுப்புத்தளப் பயிற்சியை முடித்துவிட்டு இதற்கு வர வேண்டும். மைனஸ் 2.5க்குக் கீழே உள்ளவர்கள், முதுகெலும்பு நொறுங்கியவர்கள் நேரில் பார்க்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

கூடாதது, முதுகை வளைத்துக் குனிந்து தூக்குவது. குட்டை விளக்குமாறால் பெருக்குவது, நின்றபடி குனிந்து கோலம் போடுவது, தரையில் இருக்கும் குடத்தை முதுகால் இழுப்பது. முன்பக்கம் நசுங்கும் முதுகெலும்பு இப்படித்தான் நசுங்கும். நீளக் கைப்பிடி விளக்குமாறு, கோலத்துக்கு மணை போட்டு உட்காருவது, குடத்தைத் திண்ணை உயரத்தில் வைப்பது.

எலும்பு மெலிவதைவிட இங்கே ஆளை விழவைப்பது வீடு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை காய்ந்திருக்கும்போது நல்ல பிடிப்பு, எண்ணெய்த் துணி போட்டுத் துடைத்த மறுநாளும் மழைச்சாரல் முற்றத்திலிருந்து வளவுக்குள் தெறித்த அன்றும் சறுக்குமரம். ஈரக்காலைத் துடைக்கப் போடுகிற சாக்குத் துண்டு அதைவிட மோசம், சாக்கே வழுக்கிக்கொண்டு ஓடும். அடியில் ரப்பர் உள்ள மிதியடி போடுங்கள். நிலைப்படிகள் எட்டு அங்குலம் உயரம்கூட இருக்கும், இருட்டில் கால் தட்டும். படியின் விளிம்பில் வெள்ளைப் பெயின்ட் கோடு, இரண்டாம் கட்டிலிருந்து கொல்லைக் கழிப்பறைவரை இரவு முழுக்க எரியும் சின்ன பல்பு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தவுடன் நடக்காமல் கட்டிலில் ஒரு நிமிஷம் உட்காரட்டும். ரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறவர்களுக்கு எழுந்ததும் தலைசுற்றல் வரும், நின்ற நிலையில் ஒரு முறை பிரஷர் பாருங்கள்.

---

பதில்: எலும்பு_டாக்டர்

அந்த ஆச்சிக்குப் போட்டது சொலெட்ரோனிக் ஆசிட் 5 மில்லிகிராம் என்றால், முதல் ஊசிக்குப் பிறகு ஒன்று முதல் மூன்று நாள் காய்ச்சலும் உடம்புவலியும் பலருக்கு வருவதுதான். ஒவ்வாமை அல்ல. நோய் எதிர்ப்புச் செல்கள் கொஞ்ச நேரம் அழற்சிப் பொருளைக் கொட்டுவதால் வருவது. அடுத்த வருஷம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். அன்றைக்கு நிறையத் தண்ணீர், பாரசிட்டமால் 650 எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மூன்று நாள். ஊசிக்கு முன் வைட்டமின் டியும் கால்சியமும் சரிபார்த்திருக்க வேண்டும், டி குறைவாக இருக்கும்போது போட்டால் ரத்தக் கால்சியம் விழுந்து கைவிரல் மதமதத்து இழுக்கும். கிரியாட்டினின் கிளியரன்ஸ் 35க்குக் கீழ் இருந்தால் போடவே கூடாது. பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முன்பே பிடுங்கி ஆற வைத்துவிட வேண்டும்.

ஆனால் அது "வருஷ ஊசி"தானா என்று டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். நரம்பில் ஏற்றிய டிரிப்பாக இல்லாமல், வயிற்றிலோ கையிலோ தோலுக்கு அடியில் போட்ட சின்ன ஊசி, டெனோசுமாப் 60 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மேலே சொன்ன ரேங்க்-எல்லை நேரடியாக அடைக்கிற மருந்து. அதை ஆகாது என்று பாதியில் விட்டால், அடைபட்டிருந்த கரைக்கும் செல்கள் ஒரே நேரத்தில் எழுந்து, சில மாதத்தில் முதுகெலும்புகள் இரண்டு மூன்றாக நொறுங்கலாம். நிறுத்துவதென்றால் வேறு மருந்தை மாற்றிப் போட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஊசி போட்ட தேதியைப் பார்த்து எழுதுங்கள், ஐந்து மாதம் தாண்டியிருந்தால் இந்த வாரமே அனுப்ப வேண்டும்.